ஏவாளுக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் எதற்கு?

அண்மையில் நான்கு பக்கச் சிறு வெளியீடு ஒன்று நம் கைக்கு வந்தது. அதை எழுதியவர் யார், அச்சிட்டவர் யார் என்பதை இங்குச் சொல்லப்போவதில்லை. அவர்களது நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. அவர்களது வாதத்தில்தான் ஐயம். ‘அறிவியல் மண்டியிட்டுவிட்டது, ஏவாள் வாழ்ந்தாள் என்பது ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது’ என்பது அவ்வெளியீட்டின் சாரம். மனித உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறதாம். இது படைத்தவர் பெண்ணின் உடலில் பதித்த முத்திரையாம். உயிருலகம் முழுவதிலும் இதற்கு விதிவிலக்கே இல்லையாம். ஆகவே தொடக்க நூலின் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்கள் எழுத்துக்கு எழுத்து வரலாறாம்.

இதைப் படித்தபோது நமக்குச் சினம் வரவில்லை, வெட்கம் வந்தது. ஏனெனில் ஏறத்தாழ இதே வாதத்தை, இதைவிட உரத்த குரலில், நம் குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் நாமே மறையுரை மேடையில் நின்று முழங்கியிருக்கிறோம். அன்று கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். கல்லூரி மாணவர் சிலர் திருப்பலி முடிந்ததும் வந்து கைகுலுக்கினார்கள். ஒரு தாய் மட்டும் கோவில் வாசலில் ஒதுங்கி நின்றார்.

அவருடைய மகனுக்கு இருபது வயதில் ஒரு கண்ணின் நடுப்பார்வை மங்கியது. சில வாரங்களில் மற்ற கண்ணும் மங்கியது. மருத்துவர் ஆராய்ந்துவிட்டு, இது தாய்வழியாக வரும் நோய் என்று விளக்கியிருக்கிறார். அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. கணவன் வீட்டார் அவரைப் ‘பிள்ளையின் கண்ணைப் பறித்தவள்’ என்றே அழைக்கலாயினர். அந்த ஞாயிறன்று அவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “சாமி, கடவுள் என் உடம்பிலே வச்ச முத்திரைன்னு சொன்னீங்களே, அதுதான் என் பிள்ளைக் கண்ணைக் கெடுத்துச்சா?”

நம்மிடம் விடை இல்லை. விடை இல்லாமல்தான் மேடையேறி முழங்கியிருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தக் கேள்விக்கு இன்றாவது நேர்மையாக விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடை தேடப் புகுந்தால், நாம் எதிர்பாராத ஓர் ஆசிரியரிடம் போய்ச் சேருகிறோம். கடற்கரைப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியே அந்த ஆசிரியர்.

தாய்வழி விதி

முதலில் உண்மையை உண்மை என ஒப்புக்கொள்வோம். நம் உயிரணுக்களில் ஆற்றலைத் தரும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்ட்ரியா. உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.யைத் தவிர, இந்நுண்ணுறுப்புக்கும் சொந்தமாகச் சிறிதளவு டி.என்.ஏ. உண்டு என்பதை 1963-இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் இணையர் கோழிக் கருவில் கண்டனர். மனிதரில் அது 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு வளையம். அதில் 37 மரபணுக்கள். 1974-இல் குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கலப்பினங்களை ஆராய்ந்தபோது, தாய் குதிரையானால் குட்டிக்குக் குதிரையின் வளையமும், தாய் கழுதையானால் கழுதையின் வளையமுமே கிடைப்பது தெரிந்தது. தந்தையின் பங்கு தென்படவில்லை.

விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. அதன் வால் அசைய ஆற்றல் வேண்டுமே. ஆயினும் கருவுற்ற முட்டைக்குள் அவை நிலைப்பதில்லை. பாலூட்டிகளின் கருமுட்டையில் தந்தைவழி மைட்டோகாண்ட்ரியா அழிவுக்கென்று அடையாளமிடப்படுவதை 1999-இல் அறிஞர்கள் காட்டினர். மனித விந்தணு முதிரும்போதே அதன் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. ஏறத்தாழ முற்றிலும் நீங்கிவிடுகிறது என 2023-இல் மற்றோர் ஆய்வு கூறிற்று.

இந்தத் தாய்வழி மரபை நூலாகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றவர்களே ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகிய மூவர். உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 147 பேரின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, அவை அனைத்தும் ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சென்று சேருகின்றன என 1987-இல் ‘நேச்சர்’ ஏட்டில் எழுதினர். இதழாளர்கள் அப்பெண்ணுக்கு ‘ஏவாள்’ எனப் பெயர் சூட்டினர். குழப்பம் அந்தப் பெயரில்தான் தொடங்கிற்று.

அந்தப் பெண் அக்காலத்தில் வாழ்ந்த ஒரே பெண் அல்லள். முதல் பெண்ணும் அல்லள். அவளுக்கும் தாய் இருந்தாள். அண்டை அயலில் வேறு பல பெண்களும் இருந்தனர். அவர்களுக்கு நேர்ந்தது என்ன? ஒரு தாய்க்கு ஆண்மக்கள் மட்டுமே பிறந்தால், அவளுடைய மைட்டோகாண்ட்ரிய வழி அந்த மக்களோடு நின்றுவிடும். அவளுடைய மற்ற மரபணுக்கள் பேரப்பிள்ளைகளிடம் வாழும். அந்தச் சிறு வளையம் மட்டும் வாழாது. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு ஒவ்வொரு வழியாக அற்றுப்போய், இறுதியில் எஞ்சிய வழியின் தலைவியே அந்தப் பெண். நாளை இன்னும் சில வழிகள் அற்றுப்போனால், அவளுக்குப் பிந்திய வேறொருத்திக்கு அந்தப் பட்டம் போய்ச் சேரும். கணக்கு மாறினால் கைமாறும் இப்பட்டத்தை ‘வாழ்வோர் எல்லாருக்கும் தாய்’ என விவிலியம் அழைக்கும் ஏவாளின் தலையில் சூட்டுவது அறிவியலுக்கும் நீதியன்று; விவிலியத்துக்கும் நீதியன்று.

சிப்பியின் மறுப்பு

இனி, ‘உயிருலகில் விதிவிலக்கே இல்லை’ என்ற முழக்கத்துக்கு வருவோம்.

அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்ந்த கரையோரப் பாறைகளில் மைட்டிலஸ் என்னும் நீலச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக வாழ்கின்றன. ஐரோப்பியர் விரும்பி உண்ணும் எளிய உயிர் அது. மோசேயின் சட்டத்தில் துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர்கள் தீட்டு என ஒதுக்கப்பட்டன. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் இதுவும் அடங்கும். இத்தகைய சிப்பிகளில் பல, ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட இரு வகை மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை ஒரே உடலில் சுமப்பதை 1990-இல் ஃபிஷர், ஸ்கிபின்ஸ்கி ஆகிய இருவரும் கண்டனர். ஓர் உயிரில் ஒரு வகையே இருக்கும் என்பது அன்றைய பாடம். ஆய்வில் ஏதோ கலப்படம் நேர்ந்துவிட்டது எனக் கருதித் தள்ளிவிடுவது எளிதாக இருந்திருக்கும். அவர்கள் தள்ளிவிடவில்லை.

1992-இல் எலஃப்தேரியோஸ் சூரோஸ் என்னும் கிரேக்க அறிஞரும் அவர்தம் துணைவரும், சிப்பிகளில் தந்தையின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வும் மக்களுக்குப் பெருமளவில் செல்கிறது என நேரடிச் சான்று காட்டினர். 1994-இல் ஸ்கிபின்ஸ்கி குழுவும் சூரோஸ் குழுவும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகளில் முழுச் சித்திரமும் தெளிந்தது. அது இதுதான்.

தாய்ச்சிப்பி தன் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை மகள், மகன் ஆகிய இரு பாலாருக்கும் தருகிறது. தந்தைச்சிப்பியோ தன் விந்தணுவில் உள்ள வேறொரு வகையை மகன்களின் வழியே மட்டும் நிலைபெறச் செய்கிறது. ஆகவே மகளிடம் தாய்வகை. மகனின் உடல் தசைகளில் பெரும்பாலும் தாய்வகை. ஆனால் மகனின் விந்துச் சுரப்பியில் தந்தைவகை. அவன் தன் மகனுக்குக் கையளிப்பதும் அந்தத் தந்தைவகையைத்தான். ஒரே இனத்தில் இரண்டு மரபுகள் அருகருகே ஓடுகின்றன: தாயிடமிருந்து மகளுக்கு ஒன்று, தந்தையிடமிருந்து மகனுக்கு மற்றொன்று.

இது நிகழும் முறையும் கண்டறியப்பட்டுள்ளது. நீலச்சிப்பியின் விந்தணுவில் பெரும்பாலும் ஐந்து மைட்டோகாண்ட்ரியாக்களே உள்ளன. அவற்றுக்குச் சாயமேற்றி, கருவுற்ற முட்டைக்குள் அவை செல்லும் வழியைக் கவனித்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மகளாகும் கருவில் அந்த ஐந்தும் திசைக்கொன்றாகச் சிதறிப் போகின்றன. மகனாகும் கருவிலோ, முட்டை பிளந்து பெருகும்போதும் அவை ஒன்றையொன்று விடாமல் ஒரே உயிரணுவில் திரண்டு நிற்கின்றன. பின்னர் விந்துச் சுரப்பியாக உருவாகும் பகுதிக்கு அவை சென்று சேருவதாக அறிஞர் கருதுகின்றனர். முட்டையில் எண்ணற்ற தாய்வழி மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்க, இந்த ஐந்து மட்டும் தம் வழியைத் தவறவிடாமல் செல்வது நம்மை வியக்க வைக்கிறது.

இந்த இரு மரபுகளும் பிரிந்து நெடுங்காலமாயிற்று. ஒரே ஆண் சிப்பியின் உடலுக்குள் இருக்கும் இருவகை டி.என்.ஏ.க்களுக்கிடையே 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு காணப்படுகிறது. மனிதருக்கும் சிம்பன்சிக்கும் இடையே இவ்வகை டி.என்.ஏ.வில் உள்ள வேறுபாடு இதைவிடக் குறைவு. நன்னீர்ச் சிப்பிகள் சிலவற்றில் இப்பிரிவு 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது எனக் கணிக்கப்படுகிறது. மணிலா மட்டி எனப்படும் ருடிடேபிஸ் இனத்திலும் இம்முறையை இத்தாலிய அறிஞர் 2001-இல் காட்டினர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஈரோட்டு உயிரினங்களில் இது அறியப்பட்டுள்ளது.

இந்த விதிவிலக்குக்குள்ளும் விதிவிலக்கு உண்டு. சில வேளைகளில் தாய்வகை டி.என்.ஏ. தந்தை வழிக்குள் புகுந்து, மகன்கள் மூலம் கடத்தப்படத் தொடங்கிவிடுகிறது. நன்னீர்ச் சிப்பிகளில் ஆண், பெண் எனும் பிரிவு நீங்கி இருபால் உயிர்களாக மாறிய இனங்கள் தந்தைவகையை இழந்துவிட்டன. ‘விதிவிலக்கே இல்லை’ என்றவர்களின் முன் கடலும் ஆறும் அள்ளிக் கொட்டியிருக்கும் விதிவிலக்குகள் இவை.

விதிவிலக்கு விதியை அழிக்கிறதா?

இங்கு மற்றொரு கூட்டத்தார் எழுந்து நிற்பர். ‘பார்த்தீர்களா? அறிவியலாரின் சொல்லை நம்ப முடியாது. இன்று ஒன்று சொல்வர்; நாளை மாற்றிச் சொல்வர்’ என்பர். இவர்களுக்கும் நாம் உடன்படவில்லை.

சிப்பியின் விதிவிலக்கைக் கண்டுபிடித்தது யார்? அறிவியலை எதிர்த்தவர்களா? இல்லை. தாய்வழி விதியைக் கற்பித்த அதே ஆய்வுக்கூடங்களே, தம் விதிக்குப் பொருந்தாத சான்றையும் மறைக்காமல் வெளியிட்டன. விதியை அவர்கள் வீசி எறியவுமில்லை. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எல்லை குறித்தனர். தன் கூற்றுக்குத் தானே எல்லை குறிக்கும் இந்தப் பணிவு, நம் மேடைகளில் எத்தனை முறை காணப்படுகிறது?

மனிதரிடம் நடந்த ஆய்வையும் பாருங்கள். 2002-இல் டென்மார்க் நாட்டில் ஒரு நோயாளியின் தசையில் தந்தையின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. இருப்பது அறிவிக்கப்பட்டது. 2018-இல் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 17 பேரிடம் இரு பெற்றோரின் டி.என்.ஏ.வும் காணப்படுவதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. சிப்பியின் வழக்கம் மனிதரிடமும் உண்டோ என உலகம் வியந்தது. ஆனால் 2020-இல் தாய், தந்தை, பிள்ளை என மூவர் கொண்ட 11,035 தொகுதிகளை ஆராய்ந்த மற்றொரு குழு, அத்தகைய தோற்றத்துக்கு வேறு விளக்கம் தந்தது: மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வின் துண்டுகள் முற்காலத்திலேயே உட்கருவுக்குள் இடம்பெயர்ந்து, உட்கருவின் வழியாகத் தந்தையிடமிருந்து வரக்கூடும். அவையே தந்தைவழி மைட்டோகாண்ட்ரியா போலத் தோற்றமளிக்கும். ஆக, மனிதரைப் பொறுத்தவரை தாய்வழி விதி இன்றும் வலுவாகவே நிற்கிறது. நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக இதை மறைத்துச் சிப்பியை மட்டும் காட்டினால், நாமும் அந்தச் சிறு வெளியீட்டாரைப் போன்றவரே ஆவோம்.

அவ்விதியின் வலிமைக்கு ஒரு சான்று. 1918-இல் கொல்லப்பட்ட உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸ் குடும்பத்தாரின் எலும்புகளை அடையாளம் காணும் பணியில், பேரரசியின் தாய்வழி உறவினரான இங்கிலாந்தின் இளவரசர் பிலிப்பின் டி.என்.ஏ. ஒப்பிடப்பட்டுப் பொருந்திற்று. பேரரசரின் எலும்பிலோ ஒரே இடத்தில் இரு எழுத்துகள் கலந்து காணப்பட்டன. அது ஐயத்தைக் கிளப்பிற்று. பின்னர் அவருடைய தம்பி கியோர்கியின் எலும்பை எடுத்துப் பார்த்தபோது, அதே இடத்தில் அதே கலப்பு இருந்தது. குறை எனத் தோன்றியதே இறுதியில் உறுதியான அடையாளமாயிற்று. 1994-லும் 1996-லும் வெளியான இந்த ஆய்வுகள் நமக்குக் கற்பிப்பது ஒன்றே: பொருந்தாத சான்றை மறைப்பவன் உண்மையை இழக்கிறான், அதைப் பொறுமையோடு பின்தொடர்பவன் உண்மையை அடைகிறான்.

வித்தும் நிலமும்

நம் கேள்வி இன்னும் முடியவில்லை. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருகிறது என்பது உண்மையானால், அதிலிருந்து பெண்ணைப் பற்றி ஏதேனும் நெறி பிறக்கிறதா? பெண்ணின் பெருமையோ பழியோ அதில் எழுதப்பட்டிருக்கிறதா?

வரலாற்றைப் புரட்டுவோம். ஆண் வித்து, பெண் நிலம் என்பது மிகப் பழைய உவமை. அரிஸ்டாட்டில் ஆணின் விந்து உருவத்தையும் இயக்கத்தையும் தருகிறது, பெண் வெறும் பொருளையே தருகிறாள் எனக் கற்பித்தார். புனித தாமஸ் அக்குவினாஸ் போன்ற பேரறிஞரும் அக்கால உயிரியலை அவ்வாறே ஏற்றார். பாலூட்டியின் சினைமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டது 1827-இல்தான். முட்டையின் உட்கருவும் விந்தணுவின் உட்கருவும் இணைவதை ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியில் கண்டு விளக்கியது 1876-இல். அதற்கு முன்பே, 1866-இல், நம் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், பட்டாணிச் செடியில் தாயும் தந்தையும் சமமாகவே பங்களிக்கின்றன என எண்ணிக் காட்டியிருந்தார். பெண் வெறும் நிலம் என்ற உயிரியல் அன்றே செத்துப்போயிற்று. ஆனால் அந்த உயிரியலின்மேல் கட்டப்பட்ட இழிவு சாகவில்லை; நம் வீடுகளில் இன்றும் உலவுகிறது.

வினோதம் என்னவென்றால், பிள்ளையைத் தருவதில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று சொல்லி அவளைத் தாழ்த்திய அதே நாவு, நோயைத் தருவதில் மட்டும் அவளுக்கே முழுப் பங்கு என்று சொல்லவும் தயங்குவதில்லை. பெண்குழந்தை பிறந்தால் மருமகளைப் பழிக்கிறார்கள். தந்தையின் விந்தணுவே ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிக்கிறது என்பதற்கு வழிகாட்டிய ஆய்வை நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் பெண் அறிஞர் 1905-இலேயே வெளியிட்டுவிட்டார். நூற்றாண்டு கடந்தும் வசை ஓயவில்லை. நீலச்சிப்பியிலோ நிலைமை நேர்மாறு: பிறப்பவை பெரும்பாலும் மகள்களா மகன்களா என்பது தாய்ச்சிப்பியைப் பொறுத்தது, எந்தத் தந்தையோடு சேர்த்தாலும் சில தாய்கள் மகள்களையே மிகுதியாகப் பெறுகின்றன. இயற்கையைப் பார்த்து வீட்டுக்கு நீதி எழுதுவோம் என்பவர்களைக் கேட்கிறோம்: எந்த இயற்கையைப் பார்த்து எழுதுவீர்கள்? மனிதரையா, சிப்பியையா? இரண்டையும் படைத்தவர் ஒருவரே அல்லரா?

அறிவியலாரும் இதில் முற்றிலும் குற்றமற்றவர் அல்லர். மைட்டோகாண்ட்ரியா மகன்களோடு நின்றுவிடுவதால், ஆணுக்கு மட்டும் தீங்கு தரும் மாற்றங்கள் தாய்வழியில் களையப்படாமல் தங்கிவிடக்கூடும் என்பது ஒரு கருத்து. அதற்கு 2004-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை இட்ட பெயர் ‘தாயின் சாபம்’. சொல் நயமாக இருக்கலாம். அது எந்தத் தாயின் செவியில் விழும் என்று எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். சாபம் என்பதற்குச் சபிக்கும் மனம் வேண்டும். இங்கே உள்ளது ஒரு வழித்தடம் மட்டுமே. அதே சரக்கைச் சிப்பியில் தந்தையும் சுமக்கிறான். அங்கே அவனைச் சபிப்பவர் எவருமில்லை.

நம் கோவில் வாசலில் நின்ற தாயின் மகனுக்கு வந்தது எதுவென இன்று நாம் அறிவோம். தியோடர் லேபர் என்னும் செருமானியக் கண் மருத்துவர் 1871-இல் விவரித்த பார்வை நரம்பு நோய் அது. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் அது வருகிறது என 1988-இல் டக்ளஸ் வாலஸ் குழுவினர் கண்டனர். அந்த எழுத்தை அத்தாய் தேர்ந்தெடுக்கவில்லை. தன் தாயிடமிருந்து பெற்றார், அவர் தம் தாயிடமிருந்து பெற்றார். அதைச் சுமக்கும் எல்லாருக்கும் பார்வை போவதுமில்லை. போவது ஆண்களுக்கே மிகுதி. இதில் எங்கே குற்றம்? எங்கே முத்திரை? பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, ‘இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா?’ எனச் சீடர் கேட்டபோது, இரண்டுமில்லை என்று ஆண்டவர் மறுத்தாரே! அந்த மறுப்பை நாள்தோறும் வாசிக்கும் நாம், ஓர் ஆய்வுக்கூடச் செய்தியின் கவர்ச்சியில் அதை மறந்தோம்.

நம்பிக்கைக்கு முட்டுக் கொடுப்போர்

‘அப்படியானால் அறிவியல் யுகத்தில் இளைஞரை எப்படிக் காப்பது? விவிலியத்துக்கு அறிவியல் துணை வேண்டாமா?’ என நம் நண்பர்கள் கேட்கின்றனர். அவர்களுடைய கவலை நமக்கும் உண்டு. ஆனால் அவர்கள் காட்டும் மருந்து நோயைவிடக் கொடியது.

புனித அகுஸ்தீன் தொடக்க நூலுக்கு விளக்கம் எழுதியபோதே எச்சரித்தார்: வானையும் மண்ணையும் உயிர்களையும் பற்றிக் கிறிஸ்தவர் ஒருவர் விவிலியத்தின் பெயரால் அறியாமையைப் பேசக் கேட்டால், அவற்றை அறிந்த பிற மறையினர் நகைப்பர், பின்னர் உயிர்ப்பைப் பற்றி நாம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவர் என்பது அவரது கவலை. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பேரண்டம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்னும் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசினார். அக்கோட்பாட்டின் தந்தையும் பெல்ஜிய நாட்டுக் குருவுமான ஜார்ஜ் லெமேத்தர் அதை விரும்பவில்லை. தம் கோட்பாடு சமயச் சான்றாகப் பயன்படுவதை அந்தக் குருவே மறுத்தார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது எனத் திருப்பீட அறிவியல் கழகத்துக்கு எழுதினார். மனித மாண்பையோ அவர் எந்த உயிரணுவிலும் தேடவில்லை. இதுதான் நம் மரபு. இம்மரபை அறிந்தவர்கள் சிறு வெளியீடுகளின் ஆரவாரத்துக்கு ஏன் மயங்க வேண்டும்?

ஆய்வுக்கூடத்தின் ஒரு செய்தியில் சாய்ந்து நிற்கும் நம்பிக்கை, அடுத்த செய்தியில் விழுந்துவிடும். ‘விதிவிலக்கே இல்லாத முத்திரை’ என்று நம்பி வளர்ந்த மாணவி, நாளை விலங்கியல் வகுப்பில் நீலச்சிப்பியைப் படிப்பாள். அன்று அவள் உதறப்போவது நம் தவறான உயிரியலை மட்டும்தானா? அதனோடு சேர்த்து நாம் கட்டிக்கொடுத்த ஏவாளையும், அவளைப் படைத்தவரையும் உதறிவிட மாட்டாளா? அப்படி ஒருத்தி உதறினால், குற்றம் சிப்பியுடையதா, நம்முடையதா?

தொடக்க நூலின் ஏவாள் நமக்குச் சொல்வது மனிதரின் உறவைப் பற்றியும், மீறலைப் பற்றியும், இழந்த பின்னும் கைவிடாத இறைவனைப் பற்றியும்தான். அதை எந்த நுண்ணோக்கியும் மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. அதே வேளையில், சிப்பியின் முட்டைக்குள் ஐந்து நுண்துகள்கள் வழிதவறாமல் செல்வதைக் கண்டு இறைவனைப் புகழ நமக்கு உரிமை உண்டு. புகழ்வது வேறு, அதைக் கொண்டு வழக்காடுவது வேறு.

ஆகவே நம் வேண்டுகோள் இவை. மறையுரையாளரே, மறைக்கல்வி ஆசிரியரே, அறிவியல் செய்தி ஒன்றை மேடையேற்றுமுன் அதன் எல்லையையும் கேட்டறியுங்கள். ‘எப்போதும்’, ‘எங்கும்’, ‘விதிவிலக்கே இல்லை’ என்னும் சொற்களை மெய்ப்பிக்க முடியாவிட்டால் விழுங்கிவிடுங்கள். வெளியீட்டாளரே, அச்சிட்ட பிழையை அச்சிலேயே திருத்துங்கள். குடும்பத் தலைவரே, தாய்வழி என்ற மருத்துவச் சொல்லைப் பழிச்சொல்லாக மாற்றாதீர்கள். அது நோய் வந்த வழியைச் சொல்கிறது, நோய் தந்தவரைச் சொல்லவில்லை.

நம் பங்குக்கு, செய்ய வேண்டியதைச் சென்ற ஆண்டு செய்தோம். பழைய பங்குக்குப் பயணம் சென்று அந்தத் தாயைச் சந்தித்தோம். முடி நரைத்திருந்தது. மகன் தொடுதிரைக் கருவியில் குரல் கேட்டுப் பணிசெய்யப் பழகியிருந்தான். சிப்பியின் கதையை இருவருக்கும் சொல்லி, அன்று மேடையில் சொன்னது பிழை என்று சொன்னோம். மகன் சிரித்தான். தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இதைக் கோவில்லயே சொல்லியிருக்கலாமே சாமி” என்றார்.

அவர் கேட்டது நியாயம். கோவிலில் சொன்ன பிழையைக் கோவிலிலேயே திருத்த வேண்டும். அந்த மேடை இன்று நம் பொறுப்பில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதினோம்.